பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது: கெப்பாசிட்டரா, பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

கேள்வி: ஐயா, என்னுடையது ஆறு வருடமான சின்ன பெட்ரோல் கார். டிக்கியில் 12 அங்குல சப்வூஃபரும் அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயரும் வைத்திருக்கிறேன். அட்டைப்பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருந்தது. பேட்டரியிலிருந்து டிக்கி வரை செட்டோடு வந்த 8 கேஜ் வயர்தான் ஓடுகிறது. ராத்திரி சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது ஒவ்வொரு பேஸுக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. காலையில் செல்ஃப் எடுக்கத் திணறுகிறது. பேட்டரி (35 ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி) மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கடையில் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துச் சட்டென்று தரும் சாமான்) போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் பெரிய பேட்டரி என்கிறார்கள். நண்பர் டிக்கியில் இரண்டாவது பேட்டரி வை என்கிறார். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் 75ஏ (ஆம்பியர்) என்று எழுதியிருக்கிறது. விடுமுறை நாளில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பது வழக்கம். எதை வாங்கட்டும்? ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டி வருமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: இப்போதைக்கு மூன்றையும் வாங்க வேண்டாம். கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும், உங்கள் வண்டியில் எங்கே மின்சாரம் போதவில்லை என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அளந்து பார்க்காமல் சாமான் வாங்கினால் பணம் போகும், லைட் மங்குவது அப்படியே இருக்கும்.

முதலில் அந்த 2000 வாட் கணக்கை முடித்துவிடுவோம். அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். இந்த அளவு மாடல்களில் பெரும்பாலும் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கும். மொத்தம் 60 ஆம்பியர். வண்டியில் 14 வோல்ட் என்று வைத்தால்கூட உள்ளே போகக்கூடியதே 840 வாட்தான். உள்ளே 840 போனால் வெளியே 2000 எப்படி வரும்? அதிலும் ஒரு பங்கு சூடாக வீணாகிவிடும். கிளாஸ் டி வகை என்றால் போகும் மின்சாரத்தில் 80 சதவீதம் போல ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். பழைய கிளாஸ் ஏபி வகை என்றால் பாதி போய்ச் சேர்ந்தாலே பெரிது. ஆக உங்களுடையது கிளாஸ் டி என்று வைத்தால், நிஜத்தில் சுமார் 600 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) ஆம்ப்ளிஃபயர். கூட வந்த கையேட்டில் 'ஆர்எம்எஸ்' அல்லது 'சிஇஏ-2006' என்று ஒரு வரி இருந்தால் அதையே நம்புங்கள். சிஇஏ-2006 என்பது கார் ஆம்ப்ளிஃபயர்களை அளக்கும் பொது முறை; 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் ஒலிச் சிதைவு இல்லாமல் என்று நிபந்தனை வைத்து அளந்த எண் அது. மற்றதெல்லாம் பெட்டியை அலங்கரிக்கப் போட்டது.

600 வாட் வெளியே வர 750 வாட் உள்ளே போக வேண்டும். அதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் 54 ஆம்பியர். பயந்துவிடாதீர்கள், இது உச்சம். பாட்டு என்பது தொடர்ந்து ஒரே பலத்தில் ஒலிப்பதில்லை. சராசரியாக இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 18 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். பேஸ் தூக்கலான பாட்டு என்றால் 25ஐத் தாண்டலாம். சராசரி, உச்சம் இரண்டையும் தனித்தனியாக நினைவில் வையுங்கள். சராசரியை ஆல்டர்னேட்டர் தாங்க வேண்டும். உச்சத்தைப் பேட்டரியும் வயரும் தாங்க வேண்டும்.

இப்போது வரவுப் பக்கம். 75ஏ என்று ஆல்டர்னேட்டரில் எழுதியிருப்பது அது வேகமாகச் சுற்றும்போது தருவது. சிக்னலில் வண்டி நின்று, எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் மட்டும் ஓடும்போது (இதுதான் ஐடிலிங்) அதில் பாதி வந்தாலே நல்ல ஆல்டர்னேட்டர். சுமார் 35 முதல் 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வண்டி தனக்கென்று எவ்வளவு எடுக்கிறது? ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 8 ஆம்பியர், பின்விளக்குகளும் டேஷ்போர்டும் 2 அல்லது 3. ஏசி புளோயர் முழு வேகத்தில் 12க்கு மேல் போகும். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் இன்னொரு 10. பெட்ரோல் பம்ப், இக்னிஷன், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 10 போல. கூட்டிப் பாருங்கள், பாட்டே போடாமல் 40 ஆம்பியர் ஆகிவிட்டது. வருவது அத்தனையும் வண்டிக்கே செலவு. நீங்கள் கேட்கும் பாட்டு முழுக்கப் பேட்டரியிலிருந்துதான் வருகிறது.

வண்டி ஓட ஆரம்பித்ததும் கதை மாறிவிடும். எஞ்சின் 2000 சுற்றைத் தொட்டால் ஆல்டர்னேட்டர் 60, 65 ஆம்பியர் தரும். வண்டிக்கு 40, பாட்டுக்கு 20. வரவும் செலவும் சரியாகிவிடும். அதனால்தான் நீங்கள் எழுதிய தொல்லை சிக்னலில் மட்டும் தெரிகிறது, சாலையில் தெரிவதில்லை. உங்கள் வண்டி பாதுகாப்பான எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது.

சரி, லைட் ஏன் மங்க வேண்டும்? ஆல்டர்னேட்டர் சமாளிக்கும் வரை பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். ஒரு பெரிய பேஸ் வந்து அது தரக்கூடியதைவிடக் கூடுதலாகக் கேட்டதும், மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கும். பேட்டரி கொடுக்க ஆரம்பித்தால் அதன் சொந்த வோல்ட்டேஜான 12.6க்கும் கீழே இறங்கிவிடும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு ஏற்றபடி ஒரே சீராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 14.2 வோல்ட்டிலிருந்து 12.6க்கு நிலையாக இறங்கினால் வோல்ட்டேஜில் சுமார் 11 சதவீதம்தான் குறைவு, வெளிச்சத்திலோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எல்ஈடி ஹெட்லைட் உள்ள வண்டிகளில் இந்த மங்கல் தெரியாது, அதற்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் சமன் செய்துவிடும். அதைப் பார்த்துவிட்டு 'என் வண்டியில் பிரச்சினையே இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. பிரச்சினை அங்கேயும் இருக்கும், காட்டிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி அளப்போம். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் அந்தப் பேட்டரியை முதலில் வெளியே கழற்றி முழுதாக சார்ஜ் ஏற்றாமல் வேறெந்த சோதனையும் செய்து பயனில்லை. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, ஐடிலிங்கில் விட்டு, வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பேஸ் ஓட விடுங்கள். பாட்டில் வோல்ட்டேஜ் குதித்துக்கொண்டே இருக்கும், மீட்டர் அதைப் பிடிக்காது. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை இறக்கிப் போடுங்கள். ஆனால் ஒரு தடவைக்கு நாலைந்து நொடிக்கு மேல் வேண்டாம், சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.

டோன் ஓடும்போது மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, பேட்டரியின் இரண்டு முனைகள். இரண்டு, டிக்கியில் ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவ், நெகட்டிவ் டெர்மினல்கள். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணிலேயே வைத்து, மறு முனையை வண்டி பாடியின் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வையுங்கள். அடுத்து அதே மறு முனையை எஞ்சின் பிளாக்கில் வையுங்கள்.

பேட்டரியில் 13.2 இருந்து ஆம்ப்ளிஃபயரில் 12.2 என்றால், இடையில் ஒரு வோல்ட் வயரில் கரைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே வயரிங் சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 8 கேஜ் வயரில் எனக்குச் சந்தேகம் உண்டு. நிஜமான செம்பு 8 கேஜ் என்றால் உள்ளே இருக்கும் உலோகம் 8.4 சதுர மில்லிமீட்டர். செட்டோடு வரும் மலிவான வயர்கள் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக மின்னினால் அதுதான். மின்சாரம் கடத்துவதில் அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. சில செட்களில் ரப்பர் தடிமனாக இருக்கும், உள்ளே இருக்கும் உலோகம் சொன்ன அளவுக்கே வராது. 5 மீட்டர் நீளத்துக்கு அந்த வயரில் 50 ஆம்பியர் போனால் முக்கால் வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போய்விடும். முழுச் செம்பு 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் போட்டால் இதே இழப்பு 0.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வயரை மாற்றுவதால் பாட்டு தெளிவாகும், ஆம்ப்ளிஃபயர் சூடாவது குறையும், ஆனால் ஹெட்லைட் மங்குவது அதனால் மட்டும் நிற்காது. ஹெட்லைட் அந்த வயரில் இல்லையே. ஹெட்லைட்டுக்கு வேண்டியது மூன்றாவது அளவு.

டிக்கியில் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை பாடியில் கொடுத்திருப்பார்கள். ஹெட்லைட்டின் எர்த்தும் பாடிதான். இரண்டின் மின்சாரமும் திரும்பிப் பேட்டரிக்குப் போவது, நெகட்டிவ் தூணிலிருந்து பாடிக்கு வரும் ஒரே ஒரு குட்டை வயர் வழியாக. ஆறு வருடத்தில் அதன் போல்ட் அடியில் துரு ஏறியிருக்கும், டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். 54 ஆம்பியர் அதில் பாயும்போது அங்கே அரை வோல்ட் விழுந்தால், அந்த அரை வோல்ட் ஹெட்லைட்டுக்கும் கிடைக்காமல் போகிறது. மூன்றாவது அளவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இதுதான் உங்கள் திருடன். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். அதற்குப் பிறகும் மங்கினால் மூன்று வயர்களுக்குத் துணையாகத் தடிமனான 4 கேஜ் செம்பு வயர் போடுங்கள்: ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்கு. பழைய வயரை எடுக்க வேண்டாம், அதோடு சேர்த்தே போடலாம். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் துணை வயருக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையில் கை வைக்க வேண்டும்.

வண்டி கொஞ்சம் புதிது என்றால் நெகட்டிவ் டெர்மினல் மேலேயே ஒரு சின்ன கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று எண்ணும் சென்சார் அது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் எந்த எர்த் வயரையும் நேராக நெகட்டிவ் தூணில் கட்டாதீர்கள், பாடிப் பக்கத்திலேயே கொடுங்கள். சென்சாரைத் தாண்டிப் போகும் மின்சாரம் கம்ப்யூட்டரின் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நினைத்து அது சார்ஜைக் குறைத்துவிடும்.

டிக்கி எர்த்தையும் ஒரு கண் பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள், அது உயிர் காக்கும் போல்ட், அதில் எதையும் செருகக் கூடாது. பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில், அரை மீட்டருக்குள், பாசிட்டிவ் வயர் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் இருக்க வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறதா? அதுவும் பெரும்பாலும் இந்த எர்த்தின் குறைதான்.

ஃபியூஸைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸ் இதற்குப் பதில் ஆகாது. முன்னால் இருப்பது வயரைக் காக்க. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையில் தகட்டின் விளிம்பு உராய்ந்து வயரின் தோல் கிழிந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அப்படியே பாடியில் கொட்டும். வயர் சில நொடிகளில் சிவந்துவிடும், கம்பளத்துக்கு அடியில் தீ பிடிக்கும். துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு 4 கேஜ் செம்பு வயர் போட்டால் 60 அல்லது 80 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும்.

இப்போது கடைக்காரரின் கெப்பாசிட்டர். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12.4க்கு இறங்கும்போது தரக்கூடியது சுமார் 27 ஜூல். உங்கள் ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் நொடிக்கு 750 ஜூல் கேட்கிறது. 27 ஜூல் 0.04 நொடிக்குக்கூட வராது. கண் இமைக்கும் நேரமே அதைவிட அதிகம். ஒரு டிரம் அடியின் முதல் தட்டலுக்குத் தாங்கும், நீண்டு இழுக்கும் பேஸுக்கு ஒன்றும் செய்யாது. அடுத்த அடிக்குள் தன்னை நிரப்பிக்கொள்ள அதே ஆல்டர்னேட்டரிடம்தான் அதுவும் கை நீட்டும். கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, உங்கள் நோய்க்கு இது மருந்தில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காலியாக இருக்கும் கெப்பாசிட்டரை நேராக இணைக்காதீர்கள், ஒரு பல்பையோ ரெசிஸ்டரையோ இடையில் வைத்து மெதுவாக நிரப்பிய பிறகு இணையுங்கள். இல்லையென்றால் தீப்பொறியில் டெர்மினலே உருகும்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு, அதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் பூஸ்ட் என்றொரு திருகு இருக்கும். அதை 6 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். சுழியில் வையுங்கள். கெயின் திருகு வால்யூம் அல்ல, டேஷ்போர்டு மியூசிக் செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. செட்டின் வால்யூமை முக்கால் பங்கு வைத்து, பேஸ் உடைய ஆரம்பிக்கும் இடம்வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து சற்றுக் குறைத்து விடுங்கள். இரண்டு மடங்கு வாட் போட்டாலும் காதுக்குக் கூடுவது 3 டெசிபல்தான். அதே 3 டெசிபலைக் கூடுதல் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டில் அதிகச் சத்தம் தரும் திறன்) உள்ள சப்வூஃபரிலோ, சரியான அளவில் துளை வைத்துச் செய்த பெட்டியிலோ ஒரு ஆம்பியர்கூட அதிகம் இழுக்காமல் பெறலாம். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் அடுத்த செலவைப் பெட்டியில் செய்யுங்கள்.

காலையில் செல்ஃப் திணறுவதற்கு வருவோம். இதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் விடுமுறை நாள் வழக்கம்தான். 35 ஏஎச் பேட்டரியில் எஞ்சின் ஓடாமல் ஒரு மணி நேரம் 15 ஆம்பியர் இழுத்தால் கிட்டத்தட்டப் பாதி காலி. கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, ஒரு நொடி செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு உடனே நிரம்புவதற்கென்று செய்தவை. அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்கி, நிரம்பாமலே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வருடத்துக்குள் பேட்டரி சோர்ந்துபோனது இப்படித்தான். பத்து நிமிடக் கடைத்தெரு ஓட்டத்தில் அந்தப் பாதி நிரம்பவும் நிரம்பாது. இடையில் ஆல்டர்னேட்டர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும்: அதைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, முழு மூச்சில் மின்சாரமும் தர வேண்டி வந்தால், காற்று போதாமல் அதன் டயோடுகள் வேகும்.

திணறலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் வயரைச் சிலர் சாவி அணைந்தாலும் மின்சாரம் இருக்கும் இடத்தில் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி பூராவும் ஆம்ப்ளிஃபயர் விழித்திருக்கும். சும்மா இருக்கும்போதே 1 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 24 ஏஎச், உங்கள் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு. வண்டியைப் பூட்டி அரை மணி கழித்து ஆம்ப்ளிஃபயரின் பவர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால், எலக்ட்ரீஷியனிடம் நெகட்டிவ் வயரில் மீட்டரைத் தொடராக வைத்து அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

பெரிய பேட்டரி, பேட்டரி உட்காரும் தட்டில் அளவு பிடிக்கும் என்றால் அடுத்த முறை மாற்றும்போது ஒரு படி கூடுதலாகப் போடலாம். தவறில்லை, உச்சத்தில் வோல்ட்டேஜ் இறங்குவது கொஞ்சம் குறையும். இதற்காக இப்போதே மாற்ற வேண்டாம். நண்பர் சொல்லும் இரண்டாவது பேட்டரி, எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு. அப்படி வைத்தால் மூடிய ஏஜிஎம் வகையாக இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், ஆள் உட்காரும் இடத்தோடு சேர்ந்த டிக்கியில் அது கூடாது. இரண்டுக்கும் நடுவே, எஞ்சின் அணைந்ததும் இரண்டையும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் ரிலே வேண்டும், வயரின் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். அதையும் நிரப்பப் போவது அதே 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான். விளிம்பில் நிற்கும் உங்கள் வண்டிக்கு அது இன்னொரு வாய்.

ஆல்டர்னேட்டர் மாற்றம்? இந்த 600 வாட்டுக்குத் தேவையில்லை. வயர், எர்த், கெயின் மூன்றையும் சரிசெய்து, பேட்டரியை வெளியே சார்ஜரில் முழுதாக நிரப்பிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஐடிலிங்கில் பேட்டரி முனையில் பேஸ் அடிக்கும்போதும் 13 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் நிம்மதியாகக் கேளுங்கள். சிக்னலில் மட்டும் 12.5க்கு இறங்கினால், நிற்கும்போது வால்யூமை இரண்டு புள்ளி குறையுங்கள், அல்லது புளோயரை ஒரு படி இறக்குங்கள். ஓடும்போதும், எஞ்சின் 2000 சுற்றிலும் 13ஐ எட்டவில்லை என்றால் உங்கள் ஆல்டர்னேட்டர் 75 தருவதில்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், உள்ளே ஒரு டயோடு போயிருக்கலாம். அப்போது எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் அதைச் சரிசெய்யுங்கள். எப்போதாவது 1000 வாட் ஆர்எம்எஸ்ஸுக்கு மேல் போக நினைத்தால்தான் பெரிய ஆல்டர்னேட்டர் பேச்சு. அன்று வாங்கும்போது அதன் உச்ச எண்ணைக் கேட்காதீர்கள், ஐடிலிங்கில் எத்தனை ஆம்பியர் தரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.